மூன்று முனை இருந்தால்தான் சுடலாமா?

போன மாதம் மான் வேட்டையைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். அதற்கே இத்தனை கடிதங்கள்! அதனால் இந்த மாதம் மான் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பாம்பைப் பற்றிக் கேட்ட பூச்சோங் வாசகர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் எனக்குக் கடிதம் போடாதீர்கள், 999-ஐக் கூப்பிடுங்கள்.

டாக்டர், என் மகன் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் வேலை செய்கிறான். இந்த வருடம் அலுவலக நண்பர்களோடு மான் வேட்டைக்கு உரிமம் எடுத்திருக்கிறான். "ஒரு பக்கக் கொம்பில் மூன்று முனை இருந்தால்தான் சுடலாம், இல்லாவிட்டால் அபராதம்" என்கிறான். துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் கொம்பு முனையை எண்ணிக்கொண்டா நிற்பான்? என்னைச் சமாளிக்க ஏதோ சொல்கிறானா?
– ல.க., கிள்ளான்

உண்மையைத்தான் சொல்கிறான் அம்மா. ஆனால் பாதி உண்மை.

உங்கள் மகன் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் அந்த விதி வந்தது 2002-இல். அப்போது நான் மேற்படிப்புக்காக அங்கே ஸ்டேட் காலேஜ் என்ற ஊரில் இருந்தேன். விதி கிளப்பிவிட்ட சண்டையைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். அதற்கு முன்னால் மூன்று அங்குலத்துக்கு ஒரு குச்சிக் கொம்பு இருந்தாலே போதும், சுடலாம். அதனால் சுடப்பட்ட கலைமான்களில், அதாவது ஆண் மான்களில், பத்துக்கு எட்டு ஒன்றரை வயதுக் குட்டிகளாகவே இருந்தன. முதல் கொம்பு முளைத்த முதல் இலையுதிர் காலத்திலேயே கதை முடிந்துவிடும். மூன்று வயது, நான்கு வயதுக் கலைமானைக் கண்ணால் காண்பதே அபூர்வம்.

துப்பாக்கிப் பருவம் நவம்பர் கடைசியில் தொடங்கும். இறைச்சி வெட்டிக் கொடுக்கும் கடைகளின் பின்கட்டில் மான் தலைகள் குவிந்து கிடக்கும். வேட்டைத் துறை ஆட்கள் ஒவ்வொரு தாடையாகத் திறந்து பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள், மாணவர்களான நாங்கள் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்வோம். கீழ்த்தாடையில் மூன்றாவது முன்கடைவாய்ப் பல்லில் மூன்று முகடு இருந்தால் அது பால்பல். மான் ஒன்றரை வயதை ஒட்டியது. அது விழுந்து இரண்டு முகட்டுப் பல் வந்து, அதிலும் தேய்மானம் தெரிந்தால் வயது கூட. அந்தக் குளிரில் விரல் மரத்துப் போகும், பென்சில் நழுவும். எழுதி எழுதி அலுத்துப்போன ஒரே எழுத்து "ஒன்றரை". விதி எதற்காக வந்தது என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

முனையை எண்ணச் சொல்வது வயதை ஊகிக்கத்தான். உயிரோடு ஓடும் மானின் வாயைத் திறந்து பார்க்க முடியாது, கொம்பைப் பார்க்கலாம். ஒன்றரை வயதுக் கலைமான்களில் பாதிக்கு மேல் ஒரு பக்கத்தில் மூன்று முனையை எட்டுவதில்லை. அவை அந்த வருடம் தப்பித்து, அடுத்த வருடம் இன்னும் பெரிய உடம்போடும் கொஞ்சம் கூடுதல் புத்தியோடும் வரும். இப்போது அந்த மாநிலத்தில் சுடப்படும் கலைமான்களில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டரை வயதோ அதற்கு மேலோதான். கேட்ட வேலையை விதி செய்திருக்கிறது.

இனி மகன் சொல்லாமல் விட்ட பாதி. "மூன்று முனை" என்பது மாநிலம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. பிட்ஸ்பர்க் இருக்கும் மேற்குப் பகுதியில் நெற்றிக்கு மேல் முளைக்கும் முதல் முனை கணக்கில் சேராது, அதற்கு மேலே மூன்று இருக்க வேண்டும். கிழக்கே போனால் அதையும் சேர்த்து எண்ணலாம். ஒரு அங்குலமாவது நீண்டிருந்தால்தான் அது முனை. தண்டின் நுனிக்கு மட்டும் அந்த அளவு தேவையில்லை, அது எப்படியும் ஒன்று. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு விதி தளர்வானது, ஆனால் உங்கள் மகனுக்கு அந்தச் சலுகை வயது தாண்டிவிட்டது. அடுத்த முறை பேசும்போது "நெற்றி முனையைச் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேளுங்கள். திகைத்தால் இன்னும் விதிப்புத்தகத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு எண்ணுவானா என்று கேட்டீர்கள். எண்ண வேண்டும், அதுவும் துப்பாக்கித் தொலைநோக்கியில் அல்ல. கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கும், அதில் எண்ணிவிட்டுத்தான் துப்பாக்கியைத் தூக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுவான், மான் போய்விடும். தாய் மனசுக்கு நான் இதில் காண்கிற நல்ல விஷயமே இதுதான்: புதரில் ஏதோ அசைந்தது என்று சுடுகிற பழக்கம் இந்த விதியோடு ஒத்துப்போகாது. தலை, மார்பு, முதுகில் சேர்த்து 250 சதுர அங்குலமாவது பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் துணி அணிய வேண்டும் என்பதும் அங்கே சட்டம். அதையும் கேட்டுவிடுங்கள்.

சின்னக் கொம்பை விட்டுவிட்டுப் பெரிய கொம்பை மட்டும் சுட்டால், காட்டில் மிஞ்சுவது சோப்ளாங்கி வம்சம்தானே? ஆட்டுப் பண்ணையில் யாராவது நல்ல கிடாவை வெட்டிவிட்டு நோஞ்சானை இனவிருத்திக்கு வைப்பார்களா?
– பொறியாளர் ஒருவர், செந்தூல்

தம்பி, இந்தக் கேள்வியை மிஸ்ஸிஸிப்பி மாநிலம் சொந்தச் செலவில் கேட்டுப் பார்த்துவிட்டது. அங்கே 1995-இல், இரண்டு கொம்பிலும் சேர்த்து நான்கு முனை இருந்தால்தான் சுடலாம் என்று விதி போட்டார்கள். வளமான மண் உள்ள பகுதிகளில் நன்றாகத் தின்று வளர்ந்த ஒன்றரை வயதுக் குட்டிகளுக்கு முதல் வருடமே நான்கு முனை வந்துவிட்டது, அவையே சுடப்பட்டன. குச்சிக் கொம்புக்காரர்கள் தப்பித்தார்கள். பிந்தைய வருடங்களில் இரண்டு, மூன்று வயதைத் தாண்டிய கலைமான்களின் கொம்பு சராசரியாகச் சிறுத்துப்போனதை ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். பிற்பாடு அங்கே முனை எண்ணுவதை விட்டுவிட்டு, கொம்புகளுக்கு இடையிலான அகலத்துக்கும் தண்டின் நீளத்துக்கும் மாறினார்கள்.

ஆனால் அதை வம்சம் கெட்டது என்று படிக்காதீர்கள். நல்ல குட்டிகளை முதல் வருடமே எடுத்துவிட்டால், மூன்று வயதில் மிச்சமிருப்பவை பின்தங்கியவையாகத்தானே இருக்கும்? அது மிச்சத்தின் கணக்கு. கொம்பு வளர்வதற்கு வயது, தீனி, பரம்பரை மூன்றும் வேண்டும், அதில் வயதுதான் பெரிய பங்கு. அமெரிக்காவின் இந்த வெண்வால் இனக் கலைமானின் கொம்பு ஐந்து, ஆறு வயதில்தான் முழு அளவை எட்டும். ஒன்றரை வயதில் குச்சியாக இருந்தது பிற்பாடும் குச்சியாகவே இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. தாமதமாகப் பிறந்திருக்கலாம், தாய்க்குப் பால் குறைவாக இருந்திருக்கலாம். பண்ணையில் கிடாவையும் பெட்டையையும் நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். காட்டில் பிணைமானுக்கு, அதாவது பெண் மானுக்கு, கொம்பே இல்லை, ஆனால் குட்டியின் கொம்பில் பாதி அவள் கொடுத்தது. அவளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எனக்குப் பிடித்தது டெக்சாஸ் விதிதான். 2002-இல் ஆறு மாவட்டங்களில் தொடங்கினார்கள். கொம்புகளுக்கு இடையே உள்ளகலம் 13 அங்குலம் இருந்தால் சுடலாம். ஒரு பக்கமாவது கிளை விடாத குச்சிக் கொம்பாக இருந்தாலும் சுடலாம். நடுவில் இருப்பவை, அதாவது வளர்ந்துகொண்டிருக்கும் நல்ல குட்டிகள், தப்பிக்கும். 13 அங்குலத்தை எப்படி அளப்பது என்கிறீர்களா? மான் காதை விறைத்துக்கொண்டு பார்க்கும்போது ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனி வரை அங்கே சுமார் 13 அங்குலம். கொம்பு காதைத் தாண்டி வெளியே தெரிந்தால் சரி. முனை எண்ணுவதைவிட இது வேகமாக முடியும், வயதையும் இன்னும் ஒழுங்காகக் காட்டும்.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் காலத்தில் கிராணி ஐயாவிடம் துப்பாக்கி இருந்தது, காட்டுப்பன்றிதான் அதிகம், எப்போதாவது மான். பிணைமானைச் சுட்டால் பாவம், குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். அமெரிக்காவில் பிணையைச் சுடச் சொல்லி அரசாங்கமே சீட்டுக் கொடுக்கிறதாமே? இது என்ன நியாயம்?
– மு.செ., ரவாங்

ஐயா, உங்கள் கிராணி சொன்னதையே பென்சில்வேனியா மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. 1900 வாக்கில் அங்கே மான் கிட்டத்தட்ட அற்றுப்போயிருந்தது. வேறு மாநிலங்களிலிருந்து மானை ரயிலேற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். 1907-இல் கலைமானை மட்டுமே சுடலாம் என்று சட்டம் போட்டார்கள். பிணையைத் தொடாதே என்று அப்பன் பிள்ளைக்குச் சொன்னான், பிள்ளை பேரனுக்குச் சொன்னான். மான் பெருகியது, நல்லது. ஆனால் பெருகுவது நிற்கவில்லை.

ஒரு கலைமான் பல பிணைகளோடு சேரும். கலைமான்களில் பாதியைச் சுட்டாலும் பிணைகள் அநேகமாக எல்லாமே சினையாகிவிடும். ஏழு மாதத்துக்கும் குறைவான சினைக்காலம், நல்ல தீனி கிடைத்தால் இரட்டைக் குட்டி சாதாரணம். ஆகவே மந்தையின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும் பிணைகளின் கையில். கொம்பு விதி எத்தனை கண்டிப்பாக இருந்தாலும் எண்ணிக்கையைக் குறைக்காது. அது கலைமான்களின் வயதைத்தான் மாற்றும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத வேட்டைக்காரரை நான் அங்கே அதிகம் பார்த்ததில்லை.

அதிக மான் இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று அந்தக் காட்டுக்குள் போனால்தான் தெரியும். அலெகெனி காட்டில் வேலி போட்டு மான் புகாமல் தடுத்த துண்டு நிலங்களைப் பார்த்திருக்கிறேன். வேலிக்குள்ளே இடுப்பளவுக்கு இளங்கன்றுகள், காட்டுப்பூக்கள். வெளியே மானுக்குப் பிடிக்காத பெரணி மட்டும் பச்சைப் பாய் விரித்த மாதிரி. பெரிய மரம் விழுந்தால் அந்த இடத்துக்கு வர அடுத்த தலைமுறை மரமே இல்லை. தரையை ஒட்டிக் கூடு கட்டும் பறவைகளும் இல்லை. மானுக்கே அடுத்த குளிர்காலத்துக்குத் தீனி இல்லை. ஓநாயும் பூமாவும் அந்த மாநிலத்தில் என்றைக்கோ ஒழிந்துபோயின. அந்த வேலையை இப்போது சீட்டு வாங்கிய மனிதன் செய்கிறான்.

கேரி ஆல்ட் என்ற உயிரியலாளர் 2002-இல் இரண்டையும் சேர்த்தே கொண்டுவந்தார்: கொம்பு விதியால் இளம் கலைமான்களைக் காப்பது, பிணைச் சீட்டைக் கூட்டி மந்தையைக் குறைப்பது. முதலாவதை ஜனங்கள் சீக்கிரம் ஏற்றுக்கொண்டார்கள், ஏனென்றால் பெரிய கொம்பு யாருக்குத்தான் பிடிக்காது? இரண்டாவதுதான் அவரைப் படுத்தியது. ஊர் ஊராகப் போய் விளக்கிய அந்த மனிதர் சில கூட்டங்களுக்குக் குண்டு துளைக்காத உடுப்பு அணிந்து போனதாகச் செய்தி வந்தது. மான் சுடாதே என்று சொன்னதற்காக அல்ல, பிணையைச் சுடு என்று சொன்னதற்காக.

ஆனால் இதை வைத்து உங்கள் கிராணி தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே பெண் விலங்கையும் முதிராத குட்டியையும் வேட்டையாடுவதைத் தனிக் குற்றமாக வைத்து, கூடுதல் தண்டனை போடுகிறது. அங்கே மான் மிஞ்சிக் கிடக்கிறது, இங்கே இல்லை. அதே விலங்கு விஷயத்தில் நியாயம் இடத்துக்கு இடம் மாறத்தான் செய்யும்.

தீபகற்பத்தில் ரூசாவுக்கும் (கடமான்) கிஜாங்குக்கும் (குரைக்கும் மான்) வேட்டை உரிமம் 2009-இலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறது, தடையை நீட்டித்துக்கொண்டே போகிறார்கள். முழுத்தடைக்குப் பதிலாக அமெரிக்கா மாதிரி கொம்பு விதி போட்டு உரிமம் கொடுத்தால் என்ன? முறையாக உரிமம் எடுத்தவர்கள்தான் கஷ்டப்படுகிறோம், திருட்டு வேட்டைக்காரன் ஜாலியாக இருக்கிறான்.
– துப்பாக்கி உரிமம் உள்ள வாசகர், காஜாங்

உங்கள் கோபத்தின் கடைசி வரி நியாயமானது. முதல் பாதி நடக்காது, ஏன் என்று சொல்கிறேன்.

வெண்வால் மானுக்கு ஒரு காலண்டர் இருக்கிறது. வசந்தத்தில் கொம்பு முளைக்கும், செப்டம்பரில் கொம்பை மூடிய தோல் உரியும், குளிர்காலத்தில் விழும். வேட்டைப் பருவத்தில் எல்லாக் கலைகளும் முற்றிய கொம்போடு நிற்கும், எண்ணலாம். நம் ரூசா, அதாவது கடமான், பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வாழ்கிறது. ஒன்று கொம்போடு நிற்கும், இன்னொன்று அதே மாதத்தில் மொட்டைத் தலையோடு நிற்கும், மூன்றாவதுக்குப் பாதி கொம்பு தோல் போர்த்தியிருக்கும். சில கலைகள் வருடா வருடம் உதிர்ப்பதும் இல்லை. அதோடு முழு வளர்ந்த கடமானுக்கே ஒரு பக்கத்தில் வழக்கமாக மூன்று முனைதான். நான்கு வயதும் மூன்று முனை, எட்டு வயதும் மூன்று முனை. எதை எண்ணி எதைக் கண்டுபிடிப்பீர்கள்? கிஜாங்குக்கு இன்னும் மோசம். ரோமம் மூடிய அடித்தண்டின் மேல் விரல் நீளத்துக்கு ஒரு கொம்பு. அதை எண்ணுவதற்குள் அது குரைத்துவிட்டு ஓடிவிடும்.

இனப்பெருக்க வேகமும் வேறு. கடமான் எட்டு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். வெண்வால் மான் மந்தை இழந்ததைச் சீக்கிரமே ஈடுகட்டும், இது ஈடுகட்டாது.

அப்புறம் புலி. நம் நாட்டுக் காடுகளில் இப்போது 150-க்கும் குறைவான மலாயாப் புலிகள்தான். அவற்றின் பெரிய சாப்பாடு கடமானும் காட்டுப்பன்றியும். 2021 கடைசியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தீபகற்பத்துக்குள் வந்த பிறகு காட்டுப்பன்றிகள் பல இடங்களில் செத்து மடிந்தன. இந்த நேரத்தில் நாமும் கடமானுக்குப் பங்கு கேட்டால் புலி எங்கே போகும்? பென்சில்வேனியாவில் வேட்டைக்காரன் இல்லாத ஓநாயின் இடத்தில் நிற்கிறான். பெலும் காட்டிலும் தாமான் நெகாராவிலும் அந்த இடத்துக்கு உரியவன் இன்னும் உயிரோடு இருக்கிறான்.

திருட்டு வேட்டையைப் பற்றிச் சொன்னீர்களே, அதில் பெரிய சேதம் துப்பாக்கியால் அல்ல, கம்பிக் கண்ணியால். கண்ணி கொம்பு பார்க்காது. சினைப்பிணை, பால்குட்டி, தப்பித்தவறிப் புலியின் கால், எல்லாம் ஒன்றுதான் அதற்கு. 2019-இலிருந்து வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானும் போலீஸும் சேர்ந்து காட்டுக்குள் போய்க் கண்ணிகளை அகற்றுகிறார்கள். 2022-இல் சட்டத்தைத் திருத்தி, கடுமையான குற்றங்களுக்கு அபராதத்தை பத்து லட்சம் ரிங்கிட் வரைக்கும் சிறையை 15 வருடம் வரைக்கும் உயர்த்தினார்கள். உரிமம் உள்ள உங்களைப் போன்றவர்கள் காட்டோரம் கண்ணி கண்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, பெர்ஹிலித்தானின் செராஸ் தலைமை அலுவலகத்துக்கோ மாநில அலுவலகத்துக்கோ சொல்லுங்கள். நீங்களே கழற்றாதீர்கள், ஆதாரம் போய்விடும். மந்தை ஏறினால்தான் ஒருநாள் உரிமத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியும். அப்போதும் கொம்பு விதி வேண்டாம். இந்தப் பகுதியில் இந்த வருடம் இத்தனை கலை என்று எண்ணிக்கை வரம்பு போட்டு, சுட்ட ஒவ்வொன்றையும் அலுவலகத்தில் காட்டச் சொல்வதுதான் கடமானுக்குச் சரிப்படும்.

கோலாலம்பூர் ஏரிப் பூங்கா தாமான் ரூசாவுக்குப் பள்ளியிலிருந்து போனோம். ஒரு மானின் கொம்பில் கிழிந்த துணி மாதிரி தோல் தொங்கியது, ரத்தமும் இருந்தது. அதற்கு வியாதியா?
– ஐந்தாம் ஆண்டு மாணவி, பத்துமலை

இல்லை கண்ணு. கொம்பு வளரும்போது அதன் மேல் ரத்தக்குழாய் உள்ள மெல்லிய ரோமத் தோல் இருக்கும். வளர்ச்சி முடிந்ததும் தோல் காய்ந்து உரியும், மானே மரத்தில் தேய்த்து உரித்துவிடும். ஓரிரு நாளில் சுத்தமாகிவிடும். வலிக்காது. ஆனால் வளர்ந்துகொண்டிருக்கும்போது பிடித்தால் வலிக்கும், அதனால் வேலிக்கு உள்ளே கையை விடாதே.

எங்கள் மாப்பிள்ளை அமெரிக்காவில் சுட்ட கலைமானின் கொம்பைத் தலையோட்டோடு கொண்டுவந்து எங்கள் வீட்டு ஹாலில் மாட்டப் போவதாகச் சொல்கிறார். கொண்டுவரலாமா? மனைவிக்கு வேறு இஷ்டமில்லை.
– சுபாங் ஜெயா வாசகர்

உங்கள் மனைவி பக்கம்தான் நான். அங்கே மான்களிடையே ஒரு மூளை நோய் இருக்கிறது. 1967-இல் கொலராடோவில் முதலில் கண்டது, 2012-இல் பென்சில்வேனியாவுக்கும் வந்துவிட்டது. உருமாறிய ஒரு புரதத்தால் வருவது. சமைத்தாலும் சாகாது, மண்ணில் வருடக்கணக்கில் இருக்கும். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனால் நோயுள்ள மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையமே சொல்கிறது. கனடாவிலிருந்து உயிரோடு இறக்கிய எல்க் மான்கள் வழியாகத் தென்கொரியாவுக்குள் அது புகுந்துவிட்டது.

இந்த நோய் வயதான கலைமான்களிடம்தான் அதிகம். அதனால் மிசூரி மாநிலத்தில் நோய் கண்ட மாவட்டங்களில் கொம்பு விதியையே எடுத்துவிட்டார்கள், இளம் கலைமான்களையும் சுடலாம் என்று. முன்பக்கம் அந்த விதியைப் புகழ்ந்தேனே என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள், நோய் இல்லாத இடத்தில் இன்னும் அதே கருத்துதான்.

மாப்பிள்ளை விஷயம். மூளையும் சதையும் ஒட்டிய தலையோட்டை அங்கேயே பல மாநிலங்கள் எல்லை தாண்ட விடுவதில்லை. தானாக உதிர்ந்த, நன்றாகச் சுத்தம் செய்த வெறும் கொம்பு என்றால் பேசிப் பார்க்கலாம். அதற்கும் டிக்கெட் போடுவதற்கு முன்பே பெர்ஹிலித்தானிடமும், விலங்குத் தனிமைப்படுத்தல் அதிகாரிகளிடமும் எழுத்தில் கேட்டு, அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். செப்பாங்கில் இறங்கிப் பெட்டியைத் திறந்த பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை. காய்ந்த இறைச்சியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவரும் யோசனை இருந்தால் அதை அங்கேயே நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.